மாந்தை மேட்டில் அவையறிதல்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே எழுதலாமென முதலில் எண்ணினேன். தமிழாசிரியனிடம் யாவரும் எதிர்பார்ப்பதும் அதுவே. ஆயினும் சில காலமாக என் மனத்தைவிட்டு அகலாத பொருள் வேறொன்று உண்டு. பழைமை பொதிந்த இடங்களைக் காண வருவோர் அங்கே எதனைக் காண்கின்றனர், எதனைக் காணாதே செல்கின்றனர், அதனை நாம் அறிந்துகொள்ளும் வழி யாது என்பதே அது. இதனை மேனாட்டார் ஒரு தனிக்கலையாகவே வளர்த்துள்ளனர். அக்கலையை நம் மன்னார்ப் பெருநிலத்துக்கு இயைய எடுத்துரைப்பது பயனுடைத்தெனக் கருதுகின்றேன்.

முருங்கனிலிருந்து மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு ஒரு நாள் திருக்கேதீச்சரத்துக்குச் சென்றேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வினாத்தாள் இருந்தது. “இவ்விடம் உங்களுக்குப் பிடித்ததா? பழைய மாதோட்டத் துறைமுகத்தைப் பற்றி அறிய விரும்புகின்றீர்களா? இங்கே விளக்கப் பலகைகள் இருப்பின் வாசிப்பீர்களா?” என்பன போன்ற வினாக்களை நானே வரைந்திருந்தேன். மாணவர்கள் அடியார்களை அணுகிக் கேட்டனர். எல்லாரும் “ஓம்” என்றனர். பிடித்தது, ஓம், அறிய விருப்பம், ஓம், வாசிப்போம், ஓம். நிறைந்த மனத்தோடு தாள்களைக் கட்டிவைத்தேன்.

வினாத்தாள் போதாமையால் ஒரு மாணவனுக்கு வேலையில்லாது போயிற்று. அவன் மரநிழலில் அமர்ந்து, தன் அப்பியாசக் கொப்பியில், வந்தவர்கள் செய்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிவைத்திருந்தான். வானிலிருந்து இறங்கினர், செருப்பைக் கழற்றினர், பாலாவியில் கால் நனைத்தனர், வழிபட்டனர், நிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டனர், பிள்ளைகளை எண்ணி ஏற்றிக்கொண்டு சென்றனர். துறைமுகத்தைப் பற்றி அறிய ஆவலென்று சொன்னவருள் ஒருவரேனும், கோயிலுக்கு அணித்தேயுள்ள பழைய அகழியின் பள்ளத்தை ஏறிட்டும் பார்த்ததாக அக்கொப்பியில் இல்லை. என் வினாத்தாள்கள் அனைத்தும் சேர்ந்து சொல்லாததை அந்த இரண்டு பக்கங்கள் சொல்லின.

அவர்கள் பொய் உரைத்தனரென்று நான் கூறேன். சீருடை அணிந்த பிள்ளையொன்று வந்து பணிவோடு கேட்கும்போது, “விருப்பமில்லை” என்று கூற நம்மவர்க்கு மனம் வருமா? நான் வரைந்த வினாக்களே விடையைத் தம்முள் வைத்திருந்தன. பிழை என்னுடையது.

அவர்கள் காணாது சென்றது எத்தகைய செல்வமென்பதை ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் திருக்கேதீச்சரம். போர்த்துக்கேயர் காலத்தில் அழிவுற்ற அதனை மீளக் கட்டவேண்டுமென 1872 ஆம் ஆண்டில் சைவ மக்களை நோக்கிக் குரல் எழுப்பினார் ஆறுமுக நாவலர். 1948 இல் திருப்பணிச் சபை அமைந்தது. சேர் கந்தையா வைத்தியநாதன் அதன் முயற்சிகளுக்குத் தலைநின்றார். 1976 இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. இவை நம் மாணவர் பலர் அறிந்தவை. அறியாதது யாதெனின், அக்கோயில் நிற்கும் நிலமே ஒரு பழம்பட்டினத்தின் மேடு என்பது. குதிரை லாடம் போன்ற வடிவினதாய், இரட்டை அகழி சூழ்ந்ததாய்க் கிடக்கும் அம்மேட்டினை 1887 இல் போக் என்பாரும், 1950 இல் சண்முகநாதன் அவர்களும் அகழ்ந்தனர். 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் விரிவாக ஆராய்ந்தனர். நாட்டில் மூண்ட போர் அவ்வேலையை நிறுத்திற்று. சீனத்து மட்கலங்களும் மேற்காசியப் பளிங்குப் பூச்சுக் கலங்களும் அங்கே ஒருங்கு கிடைத்தன. 2009, 2010 ஆம் ஆண்டுகளில் மீண்டும் சிறிய அளவில் அகழ்ந்தபோது மண்ணைச் சலித்துத் தானியங்களைத் தேடினர். மிளகும், கோதுமையும், திராட்சை விதையும், கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டதெனக் கணிக்கப்பட்ட ஒரு கிராம்பும் கிடைத்தன என்பது 2018 இல் வெளியாயிற்று. கிராம்பு நம் நாட்டுக்கு உரிய மரமன்று. கீழைக் கடலின் மொலுக்காத் தீவுகளிலே பிறந்தது அது.

மண்ணுள் இருப்பது இவ்வளவு. மண்மேல் தெரிவதோ ஒரு மேடும் ஒரு பள்ளமும்.

கண்ணுக்குத் தெரியாததை எங்ஙனம் காட்டுவது? இக்காலத்தார் உடனே கருவிகளை நாடுவர். தொட்டால் மாறும் திரை, கைத்தொலைபேசியிற் பேசும் குரல், இடிந்த சுவரை நிமிர்த்திக் காட்டும் படம் என இவை பலவகை. வருபவர் வாளா நின்று பார்த்தலன்றித் தாமும் ஒன்று செய்ய, இடமும் அதற்கேற்ப மறுமொழி தருதலை ஊடாட்டம் என்பர். தமிழ்நாட்டிற் கீழடியில் 2023 ஆம் ஆண்டு மார்ச்சு 5 ஆம் நாள் திறக்கப்பட்ட நூதனசாலையில், அகழ்ந்தெடுத்த பொருள்களோடு அசையும் படங்களும் தொடுதிரைகளும் வைக்கப்பட்டுள்ளன. அவற்றை நான் குறைகூறேன். ஆனால் வேறோரிடத்தில், அதன் பெயரைக் கூறாது விடுகின்றேன், பெரும் பொருட்செலவில் வைத்த திரையொன்று நான் இரண்டாம் முறை சென்றபோது துணி போர்த்துக் கிடந்தது. காவலரை வினவினேன். “வெயிலில் ஒன்றுந் தெரியாது, சேர். பிள்ளைகள் குத்திப் பார்க்கிறதுதான்” என்றார். திரை வைப்பதற்கு முன் யாரேனும் ஒருவர் அவ்விடத்தில் ஒரு நண்பகல் நின்று பார்த்திருந்தால், அக்காசு மிஞ்சியிருக்கும்.

திருக்குறளில் 72 ஆம் அதிகாரம் அவையறிதல். சொல்லத் தொடங்குமுன் கேட்போர் யாரென அறிக என்பது அதன் உட்கிடை. மாணாக்கன் எவ்வாறு ஏற்பானோ அதனை அறிந்து கற்பிப்பவனே ஆசிரியன் என நன்னூலாரும் கருதினார். ஆசிரிய கலாசாலையில் நாங்கள் இதனைப் பரீட்சைக்காக மனனஞ் செய்தோம். மேனாட்டார் பயனர் ஆய்வு எனப் பெயரிட்டழைப்பது, இந்த அவையறிதலையே முறைப்படி, குறிப்பெடுத்து, சரிபார்த்துச் செய்வதாகும்.

வருகையாளரின் மனத்தை அறிவதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழஞ் சான்று உண்டு. சீகிரியாவின் கண்ணாடிச் சுவரில், பெரும்பாலும் கி.பி. 8 ஆம் நூற்றாண்டுக்கும் 10 ஆம் நூற்றாண்டுக்கும் இடையே அங்கு வந்தோர் கீறிவைத்த பாடல்களுள் 685 ஐ வாசித்துப் பேராசிரியர் பரணவிதான 1956 இல் வெளியிட்டார். பலர் தம் பெயரையும் ஊரையும் பொறித்துள்ளனர். எவரும் அவர்களைக் கேட்கவில்லை, தாமே எழுதினர். அவர்கள் மிகுதியாகப் பாடியது அரசனையுமன்று, கோட்டையையுமன்று. பாறையில் தீட்டிய பெண்களையே. சீகிரியாவைக் கட்டியவன் எதனைக் காட்ட விரும்பினானோ அறியோம். வந்தவர் எதனைக் கண்டனர் என்பதைச் சுவர் காட்டுகின்றது. கோயில் மதில்களிலும் மரங்களிலும் பெயர் கீறுவோரை நான் ஆதரிப்பதாக எவரும் கொள்ளற்க!

நிற்க. கேளாமலே காணும் வழி மேனாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பயிலப்பட்டு வருகின்றது. பொஸ்டன் நகர நூதனசாலையைச் சார்ந்த கில்மன் என்பவர் 1916 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காட்சிப் பொருள்களைப் பற்றிய சில வினாக்களுக்கு விடை தேடுமாறு ஒருவரை ஏவி, அவர் படும் பாட்டையெல்லாம் படம் எடுத்தார். குனிவதும், முழந்தாளிடுவதும், கழுத்தை முறிப்பதுமாக அம்மனிதர் நிற்கும் படங்களே போதும். அறிவுக் குறைவாற் பலர் பாராமற் போவதில்லை, முதுகு வலியாற் போகின்றனர் என்பது விளங்கும். மன்னாரின் வைகாசி வெயிலில், மணலிற் சுடுகால் மாற்றி மாற்றி நின்று, சிற்றெழுத்துப் பலகையை வாசிக்க வேண்டியவரை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பின்னர் யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த றொபின்சன் 1928 இலும், அவர்வழி வந்த மெல்ற்றன் 1935 இலும், வருகையாளரை அவர் அறியாமற் பின்தொடர்ந்து, எப்பொருளின் முன் எத்தனை விநாடி நின்றார் எனக் கணித்து வெளியிட்டனர். மண்டபத்தின் படத்தை முன்னரே வரைந்து வைத்துக்கொண்டு, ஒருவர் நடந்த வழியை அதன்மேற் கோடாக இழுப்பதே முறை. பல கோடுகள் சேர்ந்தால் தடிப்பேறிய பாதைகளும், ஒரு கோடும் தீண்டாத மூலைகளும் தாமே புலப்படும். அங்கே உள்நுழைந்தவருட் பெரும்பாலோர் வலப்புறம் திரும்பினர் என்பது மெல்ற்றன் கண்ட முடிவு. அதனைப் படித்த நம்மவர் ஒருவர், முக்கியமான பலகையை நுழைவாயிலின் வலப்புறத்தே நாட்டிவிடக் கூடும். ஆனால் இறைவனை வலம் வருபவன், தெய்வத்தைத் தன் வலக்கைப் பக்கம் வைத்துக்கொள்வதற்காக, இடப்புறமாகவே அடியெடுத்து வைக்கின்றான். சிறுவயது முதல் அப்படி நடந்து பழகிய கால்கள், மேனாட்டில் எழுதிய விதிக்கு அடங்குமா? அடங்கலாம், அடங்காமலும் போகலாம். நின்று பார்த்தே சொல்லவேண்டும். முறையை அங்கிருந்து கடன் வாங்கலாம். முடிவைக் கடன் வாங்கலாகாது.

மனிதரைத் தொடராமல் அவர் விட்டுச்சென்ற சுவட்டைக் காண்பதும் ஒரு முறை. சிக்காகோ நூதனசாலை ஒன்றில், முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கும் காட்சியைச் சுற்றிய தரையோடுகளை ஏறத்தாழ ஆறு வாரத்துக்கொருமுறை மாற்ற வேண்டியிருந்தது என்றும், மற்றைய இடங்களில் அவை ஆண்டுக்கணக்காகத் தேயாதிருந்தன என்றும் 1966 இல் வெளிவந்த நூலொன்று எடுத்துக்காட்டுகின்றது. நமக்குத் தரையோடு வேண்டியதில்லை. மணல் இருக்கின்றது. ஒற்றையடிப் பாதை எங்கே விழுந்துள்ளது, எந்த நிழலடியிற் புல் முளைக்கவில்லை, எங்கே சோற்றுப் பொதியின் தாள் கிடக்கின்றது என்று காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் நடந்து பார்ப்பவனுக்கு அது ஏடு.

ஆயினும் காண்டல் ஒன்றே போதுமென்று கூறேன். அகழியை ஒருவர் பாராமற் சென்றாரென்று கண் சொல்லும். ஏன் பார்க்கவில்லையென்று சொல்லாது. அதற்கு வினாவுதல் வேண்டும். வினாவும் கலையிலே நான் தோற்றவன் ஆதலின், தோற்றவன் கற்ற பாடத்தைச் சொல்கின்றேன். “பிடித்ததா?” என்று கேட்கலாகாது. “வாசிப்பீர்களா?” என வருங்காலத்தைக் கேட்கலாகாது, வருங்காலத்தில் நாம் எல்லாரும் நல்லவர்கள். நடந்ததைக் கேட்க வேண்டும். “சென்ற முறை யாரோடு வந்தனீர்கள்? வந்தவுடன் என்ன செய்தனீர்கள்? வீட்டுக்குப் போய் இவ்விடத்தைப் பற்றி யாருக்கு என்ன சொன்னீர்கள்?” எனக் கேட்டால் பேச்சு ஊற்றெடுக்கும். அதனினும் சிறந்தது உடன் நடத்தல். “ஐயா, நீங்கள் வழக்கமாகப் போகிற வழியிலே போங்கோ, கண்ணிற்படுவதையும் மனத்திற்படுவதையும் சொல்லிக்கொண்டு வாருங்கோ” என வேண்டி, இரண்டடி பின்னே நடந்தால், எந்த வினாத்தாளுக்கும் அகப்படாதவை வரும். முதியவர் ஒருவர் அப்பள்ளத்தைச் சுட்டி, “இது மழைத்தண்ணி நிற்கிற இடம், தம்பி” என்றார். அவர் அதனைக் காணாதவரல்லர். நாளும் கண்டவர். அகழியென்று அறியாதவர், அவ்வளவே.

இனி, வருபவர் ஒரே தன்மையர் அல்லர். அமெரிக்க அறிஞர் ஜோன் ஃபோக் 2009 இல் எழுதிய நூலில், தேடியறிய வருவோர், பிறர்பொருட்டு வருவோர், பார்த்தோமென்று சொல்ல வருவோர், துறைவல்லார், இளைப்பாற வருவோர் என நோக்கத்தால் ஐவகை வகுத்தார். நேர்த்திக்கடன் தீர்க்க வருபவர்க்கு அவ்வைந்தினுள் இடமில்லை. வணக்கத்தோடு வருவோரையும் அவர் பிற்காலத்திற் சேர்த்துக்கொண்டார். திருக்கேதீச்சரத்திலோ அவர்களே பெருந்தொகையினர். அவர்களையன்றி, தெற்கிலிருந்து தலைமன்னாரைக் காணச் செல்லும் வழியில் மகாதித்த துறைமுகத்தை நினைந்து இறங்கும் சிங்கள மக்களும், அயலூர்க் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும், கடல்கடந்து சென்று கோடை விடுமுறையில் மீளும் நம்மவரும், அவர்தம் தமிழ் வாசிக்க அறியாத பிள்ளைகளும் உளர். ஒவ்வொருவரும் தத்தம் கதையோடு வருகின்றனர். ஆய்பவன் அக்கதைகளைக் கேட்டு எழுதவேண்டியவனேயன்றி, அவ்விடத்தில் நின்று திருத்த வேண்டியவன் அல்லன். தமிழாசிரியனுக்கு இது மிகக் கடினம். என் வாயை நானே இருமுறை பொத்திக்கொண்டேன்.

இன்னுமொன்றும் உண்டு. உடன் நடந்த அம்மையார் ஒருவரிடம், “இதற்கு முன் எப்போது வந்தனீர்கள்?” என எம் மாணவி கேட்டாள். நான் கற்பித்த வினாவே அது. 1990 இல் இடம்பெயர்வதற்கு முன், தம் மூத்த மகனோடு வந்ததாகச் சொல்லி அம்மையார் நின்றுவிட்டார். மகனைப் பற்றி மேலும் ஒன்றும் சொல்லவில்லை. மாணவி கொப்பியை மூடிக்கொண்டு அவரருகே அமர்ந்திருந்தாள். அன்று அவள் குறிப்பிற் பாதி எழுதிய வரியோடு பக்கம் நின்றுபோயிற்று. அதனை நிரப்பும்படி நான் கேட்கவில்லை. ஆய்வுக்கு முன் கோயிலாரின் அனுமதியும், பேசுபவரின் இசைவும் பெறல் வேண்டும், பெயர் எழுதலாகாது, வழிபாட்டிலிருப்பவரை அணுகலாகாது என்றெல்லாம் விதிகள் உள. இத்தகைய வேளைக்கு அவை போதா. ஆனால் போரின் நினைவு கிடக்கும் நிலத்தில், என்ன கருவி வைக்கினும் அவ்வம்மையார் அதன் முன் வந்து நிற்பார் என்பதை மறந்து எவரும் ஒன்றையும் வரையக் கூடாதென்பது என் துணிபு.

கண்டும் கேட்டும் அறிந்தபின் செய்து பார்க்கவேண்டும். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில், 1836 இல் தொடங்கி இன்று காடடர்ந்து நிற்கும் பழைய மயானம் ஒன்றுண்டு. 2013 முதல் 2017 வரை நடந்த ஐரோப்பிய ஆய்வுத்திட்டத்தைச் சார்ந்தோர், அங்கே வழிகாட்டும் தொண்டர்களுடன் நடந்து, அவர்கள் கதை சொல்லும் விதத்தைக் கவனித்தனர். தொலைபேசித் திரையைக் கொடுத்தால் வருபவர் கல்லறையை விட்டுத் திரையையே பார்ப்பர் என உணர்ந்து, புத்தகம் போன்ற ஒரு கருவியை மாதிரியாகச் செய்தனர். விரும்பிய பொருளுக்குரிய அடையாளத் துண்டை அதிற் செருகிக்கொண்டு நடந்தால், அந்தந்த இடத்தருகே மறைத்துவைத்த ஒலிபெருக்கி அப்பொருளுக்கேற்ற கதையைச் சொல்லும். கண் இடத்தின்மேலேயே இருக்கும். தரைமேல் அதிகம் தெரியாத மாந்தைக்கு இது நெருங்கிய உறவு.

ஆனால் முதன் மாதிரிக்கு மின்சாரமும் வேண்டாம். மட்டையும் பசையும் போதும். குரல் தரும் பொறிக்குப் பதிலாக மரத்தின் பின் ஒரு மாணவனை நிறுத்திப் பேசவைக்கலாம். ஐவரைக் கொண்டு சோதித்தாலே பெரும் பிழைகள் பலவும் வெளிப்படும் என்பது இத்துறையினர் அனுபவம். நாங்கள் ஒரு பாடசாலைக் கண்காட்சியில் சிரட்டை ஒன்றிற் கிராம்பை இட்டு, “எடுத்து மணந்து பாருங்கள்” என்றும், “மாந்தையிற் கிடைத்த கிராம்பு, கி.பி. 900–1100” என்றும் மட்டையில் எழுதி வைத்தோம். எவரும் தொடவில்லை. ஏனென வினவியபோது ஒரு தாய், “ஆயிரம் வருசத்துச் சாமானைத் தொட்டு உடைஞ்சு போனால் யார் பதில் சொல்லுறது?” என்றார். சிரட்டையிலிருந்ததே அப்பழங் கிராம்பு என்று அவர் கொண்டுவிட்டார்! “இதுபோன்ற ஒரு கிராம்பு” என மட்டையைத் திருத்தினோம். பிறகு சிரட்டை ஒழியவில்லை. முதியோர் பல்வலிக்கு மருந்து சொன்னார்கள். சிறுவன் ஒருவன், “அதைக் கீழே போட்டது யார்?” என்று கேட்டான். அவ்வினாவுக்கு நாங்கள் எழுதிய எந்தப் பலகையிலும் விடை இல்லை. ஆயினும் துறைமுகம் என்ற சொல்லை நாங்கள் சொல்லுமுன்னே அவன் அதன் வாயிலில் வந்து நின்றுவிட்டான்.

சிவராத்திரியன்று திருக்கேதீச்சரத்தில் அடியார்கள் பாலாவித் தீர்த்தத்தைக் குடத்தில் அள்ளிவந்து, மகாலிங்கப் பெருமானுக்குத் தம் கையாலேயே வார்க்கின்றனர். நெடுநேரம் வரிசையில் நிற்கின்றனர், சலிப்பதில்லை. இடத்தோடு கைகொண்டு உறவாடும் வழி அங்கே ஏற்கெனவே இருக்கின்றது. ஆகவே அகழியின் கதையைச் சொல்ல ஏற்ற இடம் அகழிக்கரை அன்று, நீர் அள்ளும் கரையை நோக்கிய வழியே என்பது என் ஊகம். ஊகமென்றே சொல்கின்றேன். ஆய்ந்து பார்க்கையில் அது பொய்த்தாலும் வியப்பில்லை. தொல்பொருட் சட்டம் காக்கும் நிலமாதலின், அங்கே ஒரு முளையை அடிக்கவோ ஓர் ஓட்டுத்துண்டை எடுத்துச் செல்லவோ நமக்கு உரிமையில்லை. இதனை மாணவர்க்கு முதற்கண் சொல்லியே அழைத்துச் செல்கின்றேன்.

வருகின்ற சிவராத்திரிக்கு வினாத்தாள் அச்சிடவில்லை. ஆளுக்கொரு நிலப்படமும், பென்சிலும், ஒரு போத்தல் தண்ணீரும் கொடுப்பதாக உத்தேசம். பழைய மாணவர் எவரேனும் உடன்வர விரும்பின் மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்வோம். மாலை நான்கு மணி முதல் மரத்தடியிற் பேசாமல் அமர்ந்திருக்க இயலுமாயின் வேறு தகுதி ஒன்றும் வேண்டியதில்லை.